முன்னணையும் குடிலும்

ஒரு பொருளுக்கு மனிதர் இடும் பெயர், அப்பொருளில் அவர்தம் கண் முதலில் எதைக் கண்டது என்பதை வெளிப்படுத்திவிடும். கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி ஆலயங்களிலும் இல்லங்களிலும் நாம் அமைக்கும் காட்சியைத் தமிழில் 'குடில்' என்கிறோம். ஈழத்துக் கத்தோலிக்கர் அதனைப் 'பாலன் குடில்' என்பர். மலையாள மொழியினர் 'புல்க்கூடு' என்பர். அங்கே இருப்பது எல்லா நாட்டிலும் ஒன்றே: குழந்தை, தாய், சூசையப்பர், இடையர், மாடு, கழுதை. பெயர்கள் மட்டும் ஒன்றல்ல. ஓர் இனத்தார் கூரையைப் பார்த்துப் பெயரிட்டனர்; வேறோர் இனத்தார் குகையைப் பார்த்தனர்; இன்னோர் இனத்தார் ஊரின் பெயரையே காட்சிக்குச் சூட்டினர்; பலர் குழந்தை கிடந்த இடத்தைப் பார்த்துப் பெயரிட்டனர். இப்பெயர்களின் வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்து சென்றால், நம் விசுவாசத்திற்குப் பயன்தரும் உண்மைகள் சில கிடைக்கும் என்பது நம் நம்பிக்கை.

லூக்கா எழுதிய சொல்

மத்தேயு நற்செய்தி விண்மீனையும் ஞானியரையும் கூறுகின்றது. குழந்தை கிடத்தப்பட்ட இடத்தைக் கூறுபவர் லூக்கா ஒருவரே. அதற்கு அவர் எடுத்தாண்ட கிரேக்கச் சொல் 'பாத்னே'. மாடுகளுக்குத் தீனி வைக்கும் தொட்டி என்பது அதன் பொருள். இரண்டாம் அதிகாரத்தில் மும்முறை இச்சொல் வருகின்றது. தாய் தம் மகனை அதில் கிடத்துகிறார் (2:7). வானதூதர் இடையருக்கு அதனையே அடையாளமாகத் தருகிறார் (2:12). இடையர் வந்து அதில் குழந்தையைக் காண்கின்றனர் (2:16). இடையருக்குத் தரப்பட்ட அடையாளம் விண்மீன் அன்று, ஒளிவட்டமும் அன்று. துணிகளில் பொதிந்த குழந்தையும் தீனித் தொட்டியுமே அடையாளம். இடையர்கள் நன்கறிந்த பொருள் அது. அரண்மனையைத் தேடிச் செல்லும்படி கூறியிருந்தால் வாயிற்காவலரைத் தாண்டி அவர்களால் உள்ளே போயிருக்க இயலாது. தொட்டியைத் தேடிச் செல்லுமாறு கூறப்பட்டதால் எவரிடமும் அனுமதி கேளாமல் அவர்கள் உள்ளே சென்றார்கள்.

மாடும் கழுதையும் லூக்காவின் பிறப்பு வரலாற்றில் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அவை இறைவாக்கினர் எசாயாவின் நூலிலிருந்து வந்து சேர்ந்தவை. மாடு தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவனின் தீனித் தொட்டியை அறியும், இறைமக்களோ அறியவில்லை என்பது அந்நூலின் தொடக்கத்தில் வரும் முறையீடு (1:3). அதன் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் 'பாத்னே' என்ற இச்சொல்லே உள்ளது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறையறிஞர் ஒரிஜன், லூக்கா நற்செய்தி பற்றிய தம் மறையுரை ஒன்றில் இவ்விரு பகுதிகளையும் இணைத்துக் காட்டினார். நான்காம் நூற்றாண்டின் கல்வெட்டுச் சிற்பங்களில் சில, குழந்தையையும் இவ்விரு விலங்குகளையும் மட்டுமே காட்டுகின்றன. தாயும் சூசையப்பரும் அவற்றில் இல்லை. ஒரு சொல்லின் ஒற்றுமை, இரு விலங்குகளை நம் குடிலுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டது!

இலத்தீன் பாடத்தில் இத்தொட்டி 'பிரெசேப்பியும்' எனப்படுகின்றது. 'முன்னால்' என்று பொருள்படும் ஒரு சொல்லும், 'வேலியிடுதல்' என்று பொருள்படும் ஒரு சொல்லும் சேர்ந்து உருவானது அது. வேலியிட்ட தொழுவத்தையும் அதிலுள்ள தொட்டியையும் அச்சொல் குறித்தது. சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கிவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இதற்கு ஈடாக நிற்கும் சொல் 'முன்னணை'. அது முன் என்றும் அணை என்றும் பிரியும். ஒருவரையொருவர் அறியாத இரு மொழியினரும், மாட்டின் முன்னே அமைந்த தடுப்பைக் கண்டு ஏறத்தாழ ஒரே அமைப்பில் சொல் படைத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. 1995 ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், இன்றைய மக்களுக்கு எளிதில் விளங்கும்படி 'தீவனத் தொட்டி' என்று கூறுகின்றது.

மண்ணும் வெள்ளியும்

மீட்பர் ஒரு குகையில் பிறந்தார் என்னும் மரபு மிகப் பழைமையானது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் மறைசாட்சி புனித யுஸ்தீன் அதனைக் குறிப்பிடுகின்றார். பெத்லகேமில் அக்குகையும் அதனுள் தொட்டியும் காட்டப்படுவதாக ஒரிஜன் எழுதுகின்றார். பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் அக்குகையின்மேல் ஆலயம் எழுப்பப்பட்டு, 339 ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்டது.

386 ஆம் ஆண்டு பெத்லகேமில் குடியேறி, இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர் மறைவல்லுநர் புனித எரோணிமுஸ். கிறிஸ்து பிறப்பு விழாவில் அவர் ஆற்றிய மறையுரை ஒன்றில் ஓர் ஏக்கம் வெளிப்படுகின்றது. ஆண்டவர் கிடந்த மண் தொட்டியை மரியாதையின் பொருட்டு அகற்றிவிட்டு, அவ்விடத்தில் வெள்ளியால் ஆனதை வைத்துவிட்டார்களே என்று அவர் வருந்துகிறார். அகற்றப்பட்டதே தமக்கு அருமையானது என்கிறார். வெள்ளியை வைத்தவர்களை அவர் கண்டிக்கவில்லை. அவர்கள் பக்தியினால் செய்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் பொன்னிலும் வெள்ளியிலும் பிறவாத ஆண்டவரையே தாம் வியந்து போற்றுவதாகக் கூறுகிறார். பக்தி மிகுந்து பொருள் மறைந்துபோகும் ஆபத்தை, ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன்னரே அவர் கண்டுகொண்டார்.

உரோமை நகரிலுள்ள புனித மரியா பெருங்கோயிலுக்கு ஏழாம் நூற்றாண்டிலேயே 'முன்னணையருகே புனித மரியா' என்று பொருள்படும் பெயர் வழங்கியது. பெத்லகேம் முன்னணையைச் சார்ந்தவை என்று மரபு போற்றும் மரத்துண்டுகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு சிறு பகுதி 2019 ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனித நாட்டிற்குத் திருப்பியளிக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டு ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த அத்திருத்தந்தையின் உடல், அவர் விருப்பப்படி அப்பெருங்கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

கிரெச்சோ என்னும் சிற்றூர்

இக்காட்சியை மக்கள் நடுவே கொண்டுவந்த பெருமை அசிசி நகர் புனித பிரான்சிஸ்குவுக்கு உரியது. 1223 ஆம் ஆண்டு, இத்தாலியின் ரியேத்தி பள்ளத்தாக்கிலுள்ள கிரெச்சோ என்னும் மலையூரில் அது நிகழ்ந்தது. அவர் இறந்து சில ஆண்டுகளுக்குள் அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ நகர் தோமா அதனை விரிவாகக் கூறுகிறார். விழாவிற்கு ஏறத்தாழ 15 நாள் முன்னதாக, ஜான் என்னும் அவ்வூர்ப் பெருமகனை அழைத்து, குழந்தை பட்ட துன்பத்தைத் தம் ஊனக் கண்களால் காண விரும்புவதாகப் பிரான்சிஸ்கு கூறினார். வேண்டியவை மூன்றே: வைக்கோல் நிரம்பிய தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. மரியாவாகவோ சூசையப்பராகவோ எவரும் அங்கே நின்றதாகத் தோமா எழுதவில்லை. விளக்குகளும் தீப்பந்தங்களும் ஏந்தி மக்கள் திரண்டு வந்தனர். தொட்டியருகே திருப்பலி நிறைவேறியது. திருத்தொண்டராகிய பிரான்சிஸ்கு நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார்.

பின்னர் அவ்விடத்தில் ஒரு பீடம் எழுப்பப்பட்டது. விலங்குகள் வைக்கோல் உண்ட இடத்தில் இனி மனிதர் ஆண்டவரின் திருவுடலை உண்பர் என்னும் கருத்தைத் தோமா அங்கே தெளிவாக எழுதிவைக்கிறார். கிரெச்சோவின் உட்பொருள் இதுவே. பிரான்சிஸ்கு அமைத்தது பார்த்து மகிழ்வதற்கான பொம்மைக் காட்சி அன்று. திருப்பலிக்கு வழிநடத்திய தொட்டி அது. 2019 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் இதே கிரெச்சோவுக்குச் சென்று, குடிலின் பொருள் பற்றிய தம் திருத்தூது மடலில் கையொப்பமிட்டார். முன்னணை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லை அம்மடலும் நினைவூட்டுகின்றது.

பெயர்களின் குடும்பங்கள்

கிரெச்சோவுக்குப்பின் இவ்வழக்கம் நாடுதோறும் பரவியபோது பெயர்களும் பெருகின. அவற்றை நான்கு குடும்பங்களாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, தொட்டியின் பெயர் பெற்றவை. இத்தாலியரின் 'பிரெசேப்பே', போர்த்துக்கீசியரின் 'பிரெசேப்பியு', கத்தலான் மொழியினரின் 'பெசெப்ரே' ஆகியவை இலத்தீன் சொல்லின் நேர் பிள்ளைகள். செருமானியரின் 'கிரிப்பே', ஆங்கிலேயரின் 'கிரிப்' ஆகிய இரண்டும் ஒரே பழஞ்செருமானிய வேரில் முளைத்தவை. பிரெஞ்சு மக்களின் 'கிரெஷ்' என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்து அவர்களிடம் சென்றதே. செக் மொழியினரின் 'யெஸ்லிச்கி', சுலோவேனியரின் 'யாஸ்லித்சே' இரண்டும் சிறுதொட்டி என்றே பொருள்படும்.

இரண்டாவது, உறைவிடத்தின் பெயர் பெற்றவை. நம் குடிலும், கேரளத்தின் புல்க்கூடும், டச்சுக்காரரின் 'கிறிஸ்து பிறப்புத் தொழுவம்' என்னும் பெயரும் இவ்வகையின. போலந்து மக்கள் 'ஷோப்கா' என்பர். சிறு கொட்டகை என்பது பொருள். ஆனால் கிராக்கோவ் நகரத்து ஷோப்காவைக் காண்பவர் அதனைக் கொட்டகை என்று சொல்லமாட்டார். குளிர்காலத்தில் வேலையற்றிருந்த கொத்தர்களும் தச்சர்களும் 19 ஆம் நூற்றாண்டில் வளர்த்த கலை அது. வண்ணத் தகடுகள் மின்ன, அந்நகரின் ஆலயக் கோபுரங்களைப் போலவே அது உயர்ந்து நிற்கும். 1937 முதல் அதற்கெனப் போட்டி நடைபெறுகின்றது. 2018 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. பொருள் மாளிகையாகிவிட்டது, பெயர் மட்டும் இன்னும் 'நான் கொட்டகை' என்று பணிவுடன் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கீழைத் திருச்சபை மரபில் ஊறிய மக்கள் குகையைக் கண்டனர். லெபனான் கிறிஸ்தவர் அரபு மொழியில் அதனை 'மகாரா', அதாவது குகை என்பர். உருசியரும் உக்ரைனியரும் 'வெர்த்தெப்' என்பர். அதன் பழம்பொருளும் குகையே. இரு தட்டுகள் கொண்ட பெட்டியில் அவர்கள் பொம்மலாட்டம் நடத்துவர். மேல்தட்டில் பெத்லகேம் காட்சி. கீழ்த்தட்டில் ஏரோதின் அரண்மனை. சிலாவிய மொழி விவிலியத்தில் ஆண்டவர் கோவிலைத் தூய்மைப்படுத்தும்போது கூறும் 'கள்வர் குகை' என்பதற்கும் வெர்த்தெப் என்ற இதே சொல்லே நிற்கின்றது (மத் 21:13). மீட்பர் பிறந்த இடத்திற்கும் கள்வர் பதுங்கும் இடத்திற்கும் பெயர் ஒன்றே. உள்ளே யார் குடியிருக்கிறார் என்பதே குகையின் தன்மையை முடிவுசெய்கிறது. நம் ஆலயங்களுக்கும் இல்லங்களுக்கும் இது பொருந்தாதா?

மூன்றாவது, ஊரின் பெயர் பெற்றவை. ஸ்பானியர் 'பெலேன்' என்பர். அது பெத்லகேமின் ஸ்பானிய வடிவம். பிலிப்பைன்ஸ் மக்களும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டனர். அங்கேரியரும் செக் மக்களும் தத்தம் மொழியில் பெத்லகேம் என்றே கூறுவர். பெத்லகேம் என்பது எபிரேயத்தில் 'அப்பத்தின் வீடு' எனப் பொருள்படும். கிரெச்சோவில் மறையுரை ஆற்றிய பிரான்சிஸ்கு, 'பெத்லகேம்' என்னும் சொல்லை ஆட்டுக்குட்டி கத்துவது போன்ற குரலில் உச்சரித்து, அதன் இனிமையைச் சுவைப்பவர் போல நாவால் உதடுகளைத் தடவிக்கொண்டார் என்று தோமா எழுதுகிறார். ஊரின் பெயரே அவருக்கு உணவாயிற்று.

நான்காவது, நிகழ்ச்சியின் பெயர் பெற்றவை. மெக்சிகோ மக்கள் 'நசிமியெந்தோ', அதாவது 'பிறப்பு' என்று சொல்லி நிறுத்திக்கொள்வர்.

தொட்டி கண்ட புதுப் பொருள்

இச்சொற்களுள் முதற் குடும்பத்திற்குப் பிற்காலத்தில் எதிர்பாராத ஒரு வாழ்வு கிடைத்தது. 1844 ஆம் ஆண்டு நவம்பரில், பாரிசு நகரின் ஷையோ பகுதியில், ஃபிர்மன் மார்போ என்னும் கத்தோலிக்கர் ஓர் இல்லத்தைத் திறந்தார். விடிந்ததும் வேலைக்குச் செல்லவேண்டிய ஏழைத் தாய்மார், தம் கைக்குழந்தைகளைப் பகல்நேரத்தில் விட்டுச்செல்வதற்கான இல்லம் அது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'கிரெஷ்', அதாவது முன்னணை. அப்பெயர் கடல்கடந்து சென்றது. இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் மிகுதியாகப் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 48 ஆம் பிரிவில் விதித்தபோது, ஆங்கில மூலத்தில் இதே சொல்லைத்தான் எழுதியது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கச் சென்ற நம் தாய்மார் 'பிள்ளைக் காம்பரா' என்று அழைத்த இடத்திற்கும், ஆவணங்களில் எழுதப்பட்ட பெயர் கிரெஷ் என்பதே.

பிரெஞ்சு மொழியில் மட்டும் நிகழ்ந்ததன்று இது. செருமானியரின் 'கிரிப்பே' பகல்நேரக் குழந்தைகள் இல்லத்தையும் குறிக்கும். போலந்து மொழியிலும் செக் மொழியிலும் தொட்டியின் பெயரே குழந்தைகள் இல்லத்தின் பெயர். உருசியரின் 'யாஸ்லி' என்பதும் அவ்வாறே. ஆலயங்களை மூடிய சோவியத் அரசு, தான் நடத்திய குழந்தைகள் இல்லங்களுக்கு 'யாஸ்லி' என்றே பெயரிட்டு வந்தது. கடவுளை மறுத்த அலுவலர்களும், அக்குழந்தைகள் வளர்ந்த இடத்தைப் பெத்லகேம் குழந்தை கிடந்த தொட்டியின் பெயரால் எழுதிக்கொண்டிருந்தார்கள்! மீட்பரின் முன்னணையில் ஏழைத் தாயின் குழந்தைக்கு என்றும் இடமுண்டு என்பதை, மறைநூல் விரிவுரைகளைவிடச் சொற்களே உறுதியாகப் பாதுகாத்து வந்துள்ளன.

உண்ணுதலும் உறைதலும்

தொட்டி என்பதைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல் 'மேஞ்சர்'. அது 'உண்ணுதல்' என்னும் பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து வந்தது. அவ்வினைச்சொல்லோ 'மந்துக்காரே' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இலத்தீன் திருப்பலியில் அப்பத்தைக் கையில் ஏந்தி, அனைவரும் பெற்று உண்ணுமாறு குரு கூறும் வசீகர வார்த்தையும் அதே வினையே. லூக்கா நற்செய்தியிலும் இத்தகைய ஓர் இணைப்பு உண்டு. மரியாவுக்கும் சூசையப்பருக்கும் இடம் கிடைக்காத 'விடுதி'க்கு அவர் எழுதிய சொல் 'கத்தாலுமா'. நல்ல சமாரியர் உவமையில் வரும் சத்திரத்திற்கு அவர் வேறு சொல்லை ஆள்கிறார். ஆனால் இறுதி இராவுணவிற்கு ஆண்டவர் கேட்டு அனுப்பிய அறையைக் குறிக்க, மீண்டும் 'கத்தாலுமா' என்றே எழுதுகிறார் (22:11). பிறந்தபோது இடம் தராத கத்தாலுமாவில், இறப்பதற்கு முந்தைய இரவில் அவர் தம்மையே உணவாகத் தருகிறார். தொட்டியில் கிடந்தவர் நமக்கு உணவானார் என்று புனித அகுஸ்தீன் உரைத்ததன் பொருள் இங்கே விளங்குகின்றது.

அப்படியாயின், தொட்டியை விட்டுவிட்டுக் குடிலைக் கண்ட நம் தமிழ்ப் பெயர் குறையுடையதோ? இல்லை என்றே நாம் கருதுகிறோம். தமிழ்ப்பெயர் லூக்காவைவிட யோவானுக்கு நெருங்கி நிற்கின்றது. வாக்கு மனிதரானதைக் கூறும் யோவான், கூடாரமடித்துத் தங்குதலைக் குறிக்கும் கிரேக்க வினையை எழுதினார் (1:14). திருவிவிலியம் அதனைக் 'குடிகொண்டார்' என்று அழகுற மொழிபெயர்க்கின்றது. குடிகொண்டவருக்குக் குடில் அமைக்கிறோம். ஓலைக் கூரையின்கீழ் வாழ்ந்து பழகிய மக்கள், ஆண்டவர் தங்கள் வீட்டைப் போன்ற வீட்டிலேயே பிறந்தார் என்று நம்பி இட்ட பெயர் இது. அதில் உறவும் உரிமையும் ஒலிக்கின்றன.

எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. குடில் என்பது கூரையைக் குறிக்கும் பெயராதலால், நம் உழைப்பெல்லாம் கூரையோடும் அதனைச் சூழ்ந்த மலை, ஓடை, மின்விளக்கு ஆகியவற்றோடும் நின்றுவிடக்கூடும். பங்குதோறும் குடில் போட்டிகள் நடைபெறுகின்றன; இளைஞர் இரவுபகல் பாராது உழைக்கின்றனர். அவ்வுழைப்பு போற்றத்தக்கதே. ஆயினும் முடிவில் குழந்தை பட்டு மெத்தையின்மேலோ வெறும் வைக்கோலின்மேலோ கிடக்க, தொட்டியையே காணாத குடில்கள் பல. இடையருக்குத் தரப்பட்ட அடையாளம் மட்டும் அங்கே இல்லை! பெத்லகேமில் வெள்ளி வைத்ததைக் கண்டு எரோணிமுஸ் வருந்திய வருத்தம், அத்தகைய குடிலின் முன்னும் பொருத்தமானதே.

ஆகவே அன்பர்களே, யோவானின் சொல்லையும் லூக்காவின் சொல்லையும் இணைத்துக்கொள்வோம். குடில் கட்டுவோம், அதனுள் முன்னணையை வைப்போம். பழைய மரப்பலகைகளைக் கொண்டு வீட்டுக் குழந்தைகளே அதனைச் செய்துவிடலாம். தொட்டி எதற்கு என்று அவர்கள் கேட்டால், மாடு உண்ணுமிடம் என்று முதலில் சொல்லுவோம். பிறகு, நாம் திருப்பலியில் உண்பவரே அதில் கிடக்கிறார் என்பதையும், தாய் வேலைக்குச் செல்லப் பிறர் கையில் விடப்படும் ஒவ்வொரு குழந்தையின் தொட்டிலுக்கும் உலகம் அத்தொட்டியின் பெயரையே வைத்திருக்கிறது என்பதையும் சொல்லுவோம். நற்செய்தியை முழுவதும் விளங்கிக்கொள்ள அக்குழந்தைகளுக்கு ஆண்டுகள் பல ஆகலாம். தொட்டியில் வைக்கோலைப் பரப்ப இந்த ஆண்டே அவர்களால் இயலும்.